கடலுக்குக் கொடுத்த நெஞ்சுக்கறி

ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில், காஸ்பியன் கடல் எசென்கெல்தியின் விருந்து விரிப்பில் வந்து உட்கார்ந்தது. அழைப்பில்லாமல் வந்தது உண்மைதான். ஆனால் வாசல் பக்கமாக வந்தது, படியில் சற்று நின்றது, உள்ளே இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்த பிறகே ஏறியது, கம்பளத்தின் ஓரத்தில் தன்னை மடித்துக்கொண்டு ஓர் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து அமர்ந்தது. விரிப்பில் ஒரு நூல்கூட நனையவில்லை. அன்று விருந்தாளிகளாக வந்திருந்த தோலெகென் வீட்டார் இப்போது கல்யாண வீடுகளில் இதை வேறு மாதிரி, கடல் கதவை உடைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்லி வருகிறார்கள். அது கதவே இல்லாத தாழ்வாரம். எங்கள் குடும்பத்துக்குள் முறை தவறி நுழைந்தவர் எவரும் கிடையாது என்பதால், நடந்ததை நடந்தபடி எழுத வேண்டியிருக்கிறது.

எசென்கெல்தி, ஜானா ஓசெனில் எண்ணெய்க் கிணறு தோண்டும் அணிக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றார் என்று அலுவலகம்தான் சொன்னது. அவர் ஒருநாளும் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை. மனைவி காலமான பிறகு வீட்டை மருமகள் குல்சிம் நடத்தினாள். அவள் கணவனுக்கு நடுக்கடல் எண்ணெய் மேடையில் வேலை, வீட்டில் இருப்பது அபூர்வம். வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மகள் அக்மர்ஜான் பல் மருத்துவர், முப்பதைத் தாண்டியவள். எசென்கெல்தியின் தங்கை ஷைஸாதா பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை, ஐம்பதைத் தாண்டியவள். இருவருக்கும் கல்யாணமாகவில்லை. கேட்டு வந்தவர்கள் இல்லாமல் அல்ல. வந்தவர்களிடம் முறை இல்லை. ஒரு வீட்டார் மேலங்கியைக் கழற்றாமல் தேநீர்க் கிண்ணத்தை எடுத்தார்கள். இன்னொரு வீட்டில் இளைய சகோதரன் மூத்தவனுக்கு முன் ரொட்டியைப் பிய்த்தான். மூன்றாவதாக வந்தவர் எழும்போது விரிப்பைத் தாண்டிக் கால் வைத்தார். எசென்கெல்தி எல்லோரையும் மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தார். அந்த மரியாதையைப் பற்றி இன்றும் ஊரில் பேசுகிறார்கள்.

ஜல்காஸ் என்ற பையன் அக்தோபேயிலிருந்து லிஃப்ட் மாட்டும் வேலைக்கு வந்தவன். பல்வலி என்று அக்மர்ஜானிடம் போனான். வலித்த பல் சரியான பிறகும் வாராவாரம் போனான். வலிக்காத பற்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைசியில் நன்றாக இருந்த கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிவிடச் சொன்னபோது அவளுக்கு விஷயம் புரிந்தது. அன்று சாயந்திரமே அப்பாவிடம் வந்து சொன்னாள். “அப்பா, இவன்தான். இதையும் நீங்க கலைச்சீங்கன்னா, அப்புறம் இந்த வீட்டுல என் கல்யாணப் பேச்சை எடுக்கவே கூடாது. நானும் இங்க இருக்க மாட்டேன்.” எசென்கெல்தி அந்த வாரம் முழுக்கத் தேநீரில் சர்க்கரை போட மறந்தார். மகள் வீட்டைவிட்டுப் போனால் ஊர் என்ன சொல்லும் என்பதைவிட, அவள் போய்விடுவாள் என்பதே அவரை உறுத்தியது. இதை அவர் ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

கடலோரம் போகலாம் என்றது குல்சிம். “அக்தாவ் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு எடுப்போம், மாமா. சம்பந்தி வீட்டையும் கூப்பிடுங்க. ரெண்டு நாள் எல்லாரும் சும்மா இருந்தா, பேச்சு தானா சுமுகமா முடியும்.”

“சும்மான்னா என்ன செய்யறது?”

“சும்மான்னா சும்மாதான், மாமா. ஒண்ணும் செய்யாம படுத்துக் கிடக்கறது.”

“விருந்தாளி முன்னாலயா?”

இரண்டு நாள் இதை யோசித்துவிட்டு, எசென்கெல்தி கொப்பரை, தேநீர் கொதிக்கும் சமோவார், கம்பளங்கள், பதினைந்து பேர் படுக்கும் அளவுக்கு மெத்தைகள், இவற்றோடு காரின் பின் இருக்கையில் உயிருள்ள செம்மறிக் கடா ஒன்றையும் ஏற்றிக்கொண்டு ஓய்வுக்குப் புறப்பட்டார். வழி நெடுக அக்மர்ஜான் கடாவோடு தோள் உரசிக்கொண்டு வந்தாள். கடற்கரையில் எண்ணெய்க் கம்பெனி ஆட்கள் அரை நிர்வாணமாகப் படுத்துக் கிடந்தார்கள். எசென்கெல்தி பொன் சரிகை போட்ட வெல்வெட் மேலங்கியும் தொப்பியுமாக, ஜூலை வெயிலில், தாழ்வாரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஆட்களுக்கு உடம்புக்கு என்ன என்று குல்சிமிடம் கேட்டார். “ஓய்வு எடுக்கறாங்க, மாமா.” “அதுக்குத் துணியை எதுக்குக் கழட்டணும்?” என்றார். ஷைஸாதா ஆரஞ்சு நிற ரப்பர் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போனாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். தங்கை நீந்துவதை அவர் கோடைக்குக் கோடை, இளம் வயதிலிருந்தே, பார்க்காமல் இருந்து வந்தார்.

ஜல்காஸின் அப்பா தோலெகென் தன் மனைவியோடும் மகனோடும் வந்து சேர்ந்தார். கால்வாய்த் துறையில் பொறியாளராக இருந்தவர்; ஆறுகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்பது அவருடைய கருத்து. கடாவை அவர் முன் நிறுத்தி ஆசி வாங்கி அறுத்து, கொப்பரையில் ஏற்றினார்கள். கறி வெந்து, எல்லோரும் விரிப்பைச் சுற்றி அமர்ந்து, பொரித்த பவுர்சாக் ரொட்டி பரப்பப்பட்ட நேரத்தில்தான் கடல் படியேறியது.

கடவுள் அனுப்பும் விருந்தாளியிடம் பெயரோ காரணமோ கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. வந்தவருக்கு இடம், தேநீர், கறி, பேச்சு அப்புறம். எசென்கெல்தி கையை நெஞ்சில் வைத்து, கடலை மேலிடத்துக்கு வரச் சொன்னார். கடல் சின்னதாக ஒரு சத்தம் எழுப்பியது. அது சலாம்தான் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் மேலே வராமல் வாசலோரக் கடைசி இடத்திலேயே இருந்துகொண்டது. அடக்கமானவர் என்று தோலெகெனின் மனைவி கணவன் காதில் சொன்னாள். அதன் உள்ளே பொடி மீன்கள் மேலும் கீழும் போய்வந்தன. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் ஆட்டுத் தலையில் வந்தது. தலை, விருந்தாளிகளில் மூத்தவருக்கு. அது தோலெகெனுக்கு என்றுதான் இருந்தது.

“மூத்தவருக்குத்தான் தலை. இவரு நம்ம எல்லாரையும்விட மூத்தவரு,” என்றார் எசென்கெல்தி.

“மூத்தவருதான், யாரு இல்லேன்னா?” என்றார் தோலெகென். “ஆனா அப்பா உயிரோட இருக்கறவன் ஆட்டுத் தலையைத் தொடக் கூடாதுன்னு ஒரு முறை இருக்கே, சம்பந்தி. உங்க பக்கத்துல அது இல்லையோ?”

“எங்க பக்கத்துல இல்லாத முறை எந்தப் பக்கத்துலயும் இல்ல. இவருக்கு அப்பா யாரு?”

“எதில்னு பேரு உள்ள பெரிய ஆறு. வடக்கேருந்து நாள் தவறாம வந்து தண்ணி ஊத்திக்கிட்டிருக்கே. நான் கண்ணால பார்த்திருக்கேன். நல்லாத் திடமா இருக்கு.”

“அப்ப ஜாயிக் ஆறு?”

“அது அம்மா. எவ்வளவு அமைதியா வருது!”

“அமைதியா வந்தாத்தான் அம்மான்னா, என்னை என்னன்னு சொல்வீங்க?” என்றாள் அவர் மனைவி.

கடலைக் கேட்டார்கள். அது லேசாக ஆடியது. பெற்றோர் இருவரும் சுகம் என்று எடுத்துக்கொண்டு, தலையைத் தோலெகெனுக்கே கொடுத்தார்கள். குல்சிம் உள்ளே போய் இன்னும் இரண்டு தட்டுகளை மூடிக் கொண்டுவந்து மாமனார் முன் வைத்தாள். ஒன்றில் எதிர்பாராத விருந்தாளிக்கென்று எப்போதும் தனியே எடுத்து வைக்கும் தொடைக்கறி. மற்றதில் நெஞ்சுக்கறி, அது மாப்பிள்ளையின் பங்கு. அதை ஜல்காஸின் கையில் கொடுத்துவிட்டால் பெண்ணைக் கொடுத்த மாதிரி. பிறகு பேச்சே தேவையில்லை.

கொடுக்கும் தட்டை எங்கள் குடும்பத்தில் குனிந்து பார்ப்பதில்லை. கொடுப்பதைப் பார்ப்பது அளந்து பார்ப்பதாகும். விருந்தாளியின் முகத்தைப் பார்த்தே கொடுக்க வேண்டும். எசென்கெல்தி தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடலின் முகத்தைத் தேடினார். முகம் அகப்படவில்லை. அலையாக எழுந்த இடத்தில் பார்த்தார், அது இறங்கிவிட்டது; இன்னொரு பக்கம் பளபளத்தது, அங்கே பார்த்தார், அது வெயில். அவர் இப்படித் தேடிக்கொண்டிருக்கையில் கை தன் வேலையை முடித்துவிட்டது; மற்றத் தட்டு ஜல்காஸின் முன் போனது. கடல் தட்டை வாங்கிக்கொண்டு, பசித்து வந்தவர் சாப்பிடுவது போல் சாப்பிட்டு, எலும்பைக் கழுவி வெளுப்பாகத் திருப்பி வைத்தது.

குல்சிம்தான் முதலில் கண்டாள். ஐயோ வெட்கம் என்று விரலால் கன்னத்தைக் கீறிக்கொண்டாள். அடுத்து தோலெகென்.

“சம்பந்தி, என் பையன் முன்னால இருக்கறது என்ன?”

“தொடைக்கறி.”

“மாப்பிள்ளைக்கு என்ன வைப்பீங்க?”

“நெஞ்சுக்கறி.”

“அது எங்க?”

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். கை தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அப்படி நினைப்பவர்களுக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியாது. எங்களில் கை தவறியவர் எவரும் இல்லை. அதுவும் சம்பந்தி முன்னால் இல்லவே இல்லை. எசென்கெல்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “தெரிஞ்சுதான் குடுத்தேன்,” என்றார்.

அக்மர்ஜான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “என்ன தெரிஞ்சு? என்னை யாருக்குக் குடுத்திருக்கீங்க, அப்பா? இதுக்கு வாயே இல்ல. நான் பல் டாக்டர்!”

ஜல்காஸ் எழாமல், முழங்காலாலேயே நகர்ந்து போய்க் கடலின் பக்கத்தில் உட்கார்ந்தான். கடல் அவனுக்குக் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டது. “அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க,” என்றான். “இவளுக்காக நான் நல்ல பல்லைக் குடுத்திருக்கேன். நீங்க என்ன குடுத்தீங்க?” கடல் யோசித்தது. பிறகு விரல் நீளமுள்ள ஒரு மீனை அவன் முன் வைத்தது. அது ஆறுதல் என்று நாங்கள் சொல்கிறோம். கேலி என்று தோலெகென் வீட்டார் இன்றுவரை சொல்கிறார்கள்.

தோலெகென் கோபமாக எழப் பார்த்தார். எழ முடியவில்லை. விருந்தாளிகளில் மூத்தவர் கைவிரித்து ஆசி சொல்லாமல் விரிப்பிலிருந்து எவரும் எழக்கூடாது. அப்படி எழுந்தால் அந்த வீட்டில் சோறு நிற்காது. தலை இவருக்குக் கிடைத்தாலும் மூத்தவர் கடல்தான் என்று இவர் வாயாலேயே ஒப்புக்கொண்டாகிவிட்டது. கடலுக்கோ விரிக்கக் கையும் இல்லை, சொல்ல நாவும் இல்லை. ஆகவே பெண்ணைப் பறிகொடுத்தவனும், பெண்ணும், அவமதிக்கப்பட்டவரும், அவமதித்தவரும், காரணமானவரும் ஒரே விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தபடி இருந்தார்கள். பரிமாறுகிறவளுக்கு அந்த விதி இல்லாததால் குல்சிம் மட்டும் சமோவாரை மறுபடி மறுபடி நிரப்பிக் கொண்டுவந்தாள்.

கோபத்தை உட்கார்ந்தபடியே அதிக நேரம் வைத்திருக்க முடியாது என்பது அன்று தெரிந்தது. கடலின் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. தோலெகெனின் மனைவி காலை நீட்டிக்கொண்டாள். தோலெகென் ஒரு மெத்தையில் சாய்ந்தார். ஆறுகளைப் பற்றிக் கடலுக்கே கொஞ்சம் விளக்கினார். எசென்கெல்தி மேலங்கியின் மேல் பொத்தானை, பிறகு இரண்டாவதையும் கழற்றினார். மூன்றாவது பொத்தானுக்கு முன்னால் தூங்கிவிட்டார். பகலில் அவர் தூங்கியதை அவருடைய மகள் அதற்குமுன் பார்த்ததில்லை. வெளியே, எண்ணெய்க் கம்பெனி ஆட்கள் வெறும் மணலில் துண்டோடு நின்றார்கள். ஒருவன் தாழ்வாரத்துக்கு வந்து, “அக்கா, இங்க கடல் இருந்துச்சே, பார்த்தீங்களா?” என்று கேட்டான்.

“விருந்துல இருக்கு. அப்புறமா வாங்க,” என்றாள் குல்சிம்.

ஆனால் விரிப்பின் நடுவே அந்த வெள்ளை எலும்பு அப்படியே இருந்தது. அக்மர்ஜான் அதைப் பார்த்தாள், ஜல்காஸைப் பார்த்தாள், தூங்கும் அப்பாவைப் பார்த்தாள். மூட்டை கட்டுவதைப் பற்றி அவள் யோசிக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

வெயில் சாயும் நேரத்தில் ஷைஸாதா வந்து சேர்ந்தாள். ஆரஞ்சுத் தொப்பி தலையில் இருந்தது, முழங்கால்வரை சேறு. அவள் ஆழத்தில் நீந்திக்கொண்டிருந்தபோது அடியில் தண்ணீர் போய்விட்டிருக்கிறது. கடலின் அடித்தரையில், துள்ளும் மீன்களுக்கும் பழைய நங்கூரங்களுக்கும் நடுவே, மதியம் முழுக்க நடந்தே வந்திருக்கிறாள். அவள் படியில் கால் வைத்ததும் கடல் எழுந்து நின்றது.

“நல்லா இருக்கே!” என்றாள் ஷைஸாதா கடலைப் பார்த்து. “என்னை நடுவழியில விட்டுட்டு இங்க வந்து கறி தின்னுக்கிட்டிருக்கியா?”

அவள் பேசிய விதத்தில் புதுப் பழக்கம் தெரியவில்லை. எசென்கெல்தி விழித்துக்கொண்டு முதலில் பொத்தான்களைப் போட்டார். “ஷைஸாதா, இவரை உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? ஒவ்வொரு கோடையும் பார்க்கறதுதானே. நீங்கதான் அந்தப் பக்கம் திரும்பினதே இல்ல. போன வருஷம் விளையாட்டுக்குச் சொன்னேன், எங்கண்ணன் விரிப்புல வந்து உட்காரத் தைரியம் இருந்தா அப்புறம் பேசலாம்னு. வந்துட்டான் மடையன்.”

தாழ்வாரத்தில் ஒருவரும் தேநீர் குடிக்கவில்லை. தங்கையைக் கேட்டு வந்தவர்களை எசென்கெல்தி எத்தனை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார் என்பது, பிறகு வந்த மருமகள் குல்சிமைத் தவிர, அங்கிருந்த எங்கள் வீட்டார் எல்லோருக்கும் தெரியும். குல்சிமுக்கு யூகம் இருந்தது. கடல் நின்றபடி இருந்தது. வாசல் வழியாக வந்திருக்கிறது, நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்திருக்கிறது, மேலிடத்துக்கு ஆசைப்படவில்லை, எலும்பைக் கழுவி வைத்திருக்கிறது. எசென்கெல்தி அதன் முறையில் குறை தேடினார். நெடுநேரம் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணிடம் அவள் அண்ணன் இப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. “உனக்குச் சம்மதமா?”

“அண்ணே,” என்றாள் ஷைஸாதா. ரப்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். “இதை நீங்க இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி யாரைப் பத்தியாவது கேட்டிருக்கலாம். சரி, இப்பக் கேட்டீங்களே. சம்மதம்தான். ஈரம்தான் கொஞ்சம் தொந்தரவு.”

எசென்கெல்தி சம்பந்தியின் பக்கம் திரும்பி, முதுகை நேராக வைத்துக்கொண்டு சொன்னார். “தெரிஞ்சுதான் குடுத்தேன்னு அப்பவே சொன்னேன். வீட்டுல மூத்தவ இருக்கும்போது இளையவளுக்கு முதல்ல குடுக்கறது எங்க வழக்கம் இல்ல.”

தோலெகென் மெத்தையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை ஆகிவிட்ட கடல் இனி விருந்தாளி அல்ல. எனவே மூத்த விருந்தாளி தோலெகென்தான். அவர் இரண்டு கையையும் விரித்து, பொறுமையாக, சற்று நீளமாகவே ஆசி சொன்னார். எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். தோலெகெனுக்குக் கால் மரத்துப்போயிருந்ததால் அவரைக் கடலும் ஜல்காஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அன்றிரவே எசென்கெல்தி காரில் போய், ஆடு மேய்ப்பவன் ஒருவனை எழுப்பி இன்னொரு கடாவைக் கொண்டுவந்துவிட்டார். ஞாயிறு காலை, இரண்டாவது நெஞ்சுக்கறியை அவர் ஜல்காஸிடம் கொடுத்தார். கொடுக்கும்போது தட்டைக் குனிந்து பார்த்தார். அவர் பார்த்ததை எல்லோரும் பார்த்தார்கள். அக்மர்ஜான் வந்து அவர் கிண்ணத்தில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டாள்.

ஆகஸ்டில் ஷைஸாதாவின் கல்யாணம் நடந்தது, செப்டம்பரில் அக்மர்ஜானுடையது. முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரை முல்லா கேட்டபோது தோலெகென் முந்திக்கொண்டு எதில் ஆறு என்று சொன்னார். அக்மர்ஜானுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், அவர்களுக்குப் பற்கள் அருமையாக இருக்கின்றன. ஷைஸாதா கரையோரம் ஒரு சிறிய வீட்டில் இருக்கிறாள். மாலையில் கணவனிடம் போய், காலையில் தலையைத் துவட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். மாப்பிள்ளை ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் புல்வெளியைக் கடந்து ஜானா ஓசெனுக்கு வருகிறார். போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் லாரிகளை ஓரம் கட்டி அவருக்கு வழி விடுகிறார்கள். வாசலோரமே உட்காருகிறார், மேலிடத்துக்கு வர அவரை எங்களால் இன்னும் பழக்க முடியவில்லை. குல்சிம் முறைப்படி அவரை வழிமறித்து, சீர் வைக்காமல் உள்ளே விடமாட்டேன் என்பாள். முதல் வருடம் சங்கு கொடுத்தார், அடுத்த வருடம் முத்துக் கம்மல் கேட்டாள், நம் கடலில் முத்து கிடையாது என்று ஷைஸாதா சொல்லியும் கேட்கவில்லை. எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்த நாட்களில் அக்தாவில் தண்ணீர் உள்வாங்கிவிடும். படகுகள் சாய்ந்து கிடக்கும். நீர்மட்டம் அளக்கும் அலுவலகத்திலிருந்து கோல்களோடு ஆட்கள் வருவார்கள், மணலில் நிற்பார்கள், எழுதிக்கொள்வார்கள். சென்ற அக்டோபரில் அவர்களில் ஒரு புதிய அதிகாரி, யாரோ எண்ணைக் கொடுத்ததால், நேராக எசென்கெல்தியின் வீட்டுக்கே தொலைபேசியில் கூப்பிட்டு, கடல் இவ்வளவு தூரம் பின்வாங்கியிருப்பதற்குக் காரணம் தெரியுமா என்று கேட்டார்.

“பின்வாங்கலை, தம்பி,” என்றார் எசென்கெல்தி. “இங்கதான் இருக்காரு. சாப்பிட்டுக்கிட்டிருக்காரு. முடிச்சதும் அனுப்பி வைக்கறேன்.”

அதிகாரி சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.